டேகல் சிறையில் இரண்டு மனச்சாட்சிகள்

1943ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரை, பெர்லினின் டேகல் இராணுவச் சிறையில் இரண்டு கிறிஸ்தவர்கள் ஒரே மதிலுக்குள் அடைபட்டிருந்தார்கள். ஒருவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஆஸ்திரிய விவசாயி, கத்தோலிக்கர். மற்றவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். லுத்தரன் போதகர், இறையியலாளர். இருவரும் சந்தித்துக்கொண்டதாகப் பதிவு ஏதும் இல்லை. ஆனால் இருவர் மீதும் முதலில் சாட்டப்பட்ட குற்றம் ஒன்றே: நாட்டின் படைவலிமையைக் குலைத்தது. விவசாயியின் தலை 1943 ஆகஸ்டு 9 அன்று பிராண்டன்பர்க்கில் வெட்டப்பட்டது. போதகர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார்.

முடிவு ஒன்றாக இருந்தாலும் வழிகள் எதிரெதிரானவை. பாவத்தில் தன் கை படக்கூடாது என்று விலகி நின்றவர் யேகர்ஷ்டேட்டர். கறை படியும் என்று தெரிந்தே கையை நீட்டியவர் போன்ஹோஃபர். இந்த இருவரையும் தெளிந்த மனச்சாட்சிக்குச் சாட்சிகளாக ஒருசேர நிறுத்த முடியுமா? முடியும் என்றே நான் நம்புகிறேன். அதற்கான காரணம், மனச்சாட்சியைப் பற்றி நாம் வழக்கமாக எண்ணுவதைத் திருத்துகிறது.

மறுத்த விவசாயி

யேகர்ஷ்டேட்டர் 1907இல் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. 1936இல் ஃபிரான்சிஸ்காவை மணந்தபின் அவருடைய பக்தி ஆழப்பட்டது. பிறகு பங்குக் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் பணி செய்தார். 1938 ஏப்ரலில் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பது குறித்து வாக்கெடுப்பு நடந்தபோது, அந்த ஊரில் 'வேண்டாம்' என்று வாக்களித்தவர் அவர் ஒருவரே. நாஜி அரசின் உதவித்தொகைகளையும் அவர் வாங்கவில்லை.

1940இலும் 1941இலும் அவர் படைப்பயிற்சிக்குப் போய்வந்தார். அங்கே கண்டதும் கேட்டதும் அவரை ஒரு முடிவுக்குத் தள்ளின: இந்தப் போர் அநீதியானது, இதில் ஆயுதம் ஏந்துவது பாவம். லின்ஸ் நகர ஆயரிடம் போய் ஆலோசனை கேட்டார். குடும்பத்தை நினைக்கும்படியும், அரசின் செயல்களுக்குச் சாதாரணக் குடிமகன் பொறுப்பாக மாட்டான் என்றும் ஆயர் சொன்னார். மீண்டும் அழைப்பு வந்ததும், 1943 மார்ச் 1 அன்று என்ஸ் முகாமுக்குச் சென்று, போரிட மாட்டேன் என்று அறிவித்தார். காயம்பட்டோருக்கு மருத்துவ உதவி செய்யத் தயார் என்றார், அது ஏற்கப்படவில்லை. ஜூலை 6 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்குரைஞரின் ஏற்பாட்டில் மனைவியும் பங்குக்குரு ஒருவரும் ஒரு வாரத்தில் பெர்லினுக்கு வந்து பார்த்தார்கள். ஊரில் மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அவர் மனம் மாறவில்லை.

பழியை ஏற்ற போதகர்

போன்ஹோஃபர் 1906இல் பிறந்தவர். தந்தை பெர்லினில் மனநல மருத்துவப் பேராசிரியர். இவரோ இருபத்தோரு வயதில் இறையியல் முனைவர். வன்முறையற்ற எதிர்ப்பை நேரில் கற்க காந்தியிடம் வர விரும்பினார். 1934இல் காந்தியும் அவரை வரவேற்றுக் கடிதம் எழுதினார். அந்தப் பயணம் நடக்கவில்லை. 1939 ஜூனில் நியூயார்க்கில் பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்பு கிடைத்தும் சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். தன் மக்களின் சோதனைக் காலத்தில் பங்குபெறாதவனுக்கு, பின்னர் அங்கே திருச்சபையைக் கட்டியெழுப்பும் உரிமை இராது என்பது அவர் எண்ணம்.

திரும்பியவரை அக்காள் கணவர் ஹன்ஸ் ஃபான் டோனானி படைத்துறையின் உளவு அமைப்பான 'அப்வேரு'க்குள் கொண்டுவந்தார். வெளிக்கு அவர் அரசின் உளவாளி. உள்ளுக்கு ஹிட்லரை வீழ்த்தும் சதியின் தூதர். யூத வம்சத்தினர் உள்ளிட்ட சிலரை சுவிட்சர்லாந்துக்குத் தப்புவிக்கும் திட்டத்தில் பங்கேற்றார். 1943 ஏப்ரல் 5 அன்று கைதான பிறகு, நண்பர்களைக் காப்பாற்ற விசாரணையில் பொய் சொன்னார். சமாதானத்தைப் போதித்தவர் கொலைத் திட்டத்தை அறிந்து அதற்குத் துணைநின்றார்.

இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு சிறு செய்கை காட்டிவிடும். யேகர்ஷ்டேட்டர் ஊரில் யாருக்கும் ஹிட்லர் வணக்கம் சொல்லமாட்டார். போன்ஹோஃபரோ, 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்த செய்தி ஓர் உணவகத்தில் ஒலித்தபோது, கூட்டத்தோடு எழுந்து கையை உயர்த்தினார். திகைத்துப்போன நண்பரையும் உயர்த்தச் சொன்னார். உயிரைப் பணயம் வைக்க வேண்டிய காரியம் வேறு இருக்கிறது, இந்த வணக்கத்துக்காக அதை இழக்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

ஏன் இந்த வேறுபாடு?

முதல் காரணம் நின்ற இடம். சாங்க்ட் ராடெகுண்ட் விவசாயிக்குத் தளபதிகளைத் தெரியாது, அயல்நாட்டு ஆயர்களைத் தெரியாது. அரசு அவரிடம் கேட்டது அவருடைய உடலையும் உறுதிமொழியையும்தான்; அவர் கொடுக்க மறுக்கக்கூடியதும் அவ்வளவே. போன்ஹோஃபரின் உறவினரோ சதியின் நடுவில் இருந்தவர்கள். விலகி நின்று தன்னை மட்டும் தூய்மையாக வைத்துக்கொள்வது, செய்யக்கூடிய உதவியைச் செய்யாமல் விடுவதாகும் என்று அவருக்குப் பட்டது.

இரண்டாவது காரணம் மனச்சாட்சியைப் பற்றிய புரிதல். கடவுளின் கட்டளைக்கு முரணானதை யார் சொன்னாலும் செய்யக்கூடாது என்பது யேகர்ஷ்டேட்டரின் நேர்கோடு. போன்ஹோஃபர், இறந்தபின் 1949இல் வெளியான 'அறவியல்' நூலின் பக்கங்களில், பிறருக்காகப் பொறுப்பேற்பவன் குற்றத்தையும் ஏற்க நேரும், அதை நியாயம் என்று சொல்லிக்கொள்ளாமல் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று வாதிட்டார். 1942 முடிவில் எழுதிய கட்டுரையொன்றில், சமாதானப்படுத்தி உறங்கவைத்த மனச்சாட்சியைத் தெளிந்த மனச்சாட்சி என்று எண்ணி ஏமாறுவோரைக் கண்டித்தார்.

இரு வழிகளிலும் ஆபத்து உண்டு. யேகர்ஷ்டேட்டரின் மறுப்பால் போரின் போக்கு ஓர் அங்குலமும் மாறவில்லை. விலையில் பாதியைக் கொடுத்தவர் ஃபிரான்சிஸ்கா: முதலில் தடுத்துப் பார்த்தார்; பிறகு, தானும் கைவிட்டால் கணவருக்கு யாருமே இல்லை என்று அவர் பக்கம் நின்றார்; போருக்குப்பின் ஊராரின் ஏளனத்தைச் சுமந்தார்; 1950 வரை விதவை ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. நம் மனச்சாட்சியின் தெளிவுக்கு வீட்டிலிருப்பவர்களும் கடன் கட்டுகிறார்கள். போன்ஹோஃபரின் வழியில் ஆபத்து இன்னும் நுட்பமானது. 'பெரிய நன்மைக்காகச் சிறிய பாவம்' என்று எந்த அயோக்கியனும் சொல்லலாம். அவரை அத்தகையோரிடமிருந்து பிரிப்பவை மூன்று: தன் ஆதாயத்துக்காகச் செய்யவில்லை, செய்ததைப் புண்ணியம் என்று அழைக்கவில்லை, அதற்கான பழியிலிருந்து விலக்குக் கோரவில்லை.

இருவரும் சந்திக்கும் இடம்

அக்காலத்தில் பெரும்பாலோரைக் காப்பாற்றிய சொற்கள் 'மேலிட உத்தரவு', 'என் கடமை', 'சபையே பேசவில்லை, நான் யார்' என்பவை. இந்த இருவரும் அவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயரின் அறிவுரையை மரியாதையோடு கேட்ட விவசாயி, தீர்மானத்தை ஆயரின் தலையில் ஏற்றவில்லை. சதியில் சேர்ந்த போதகர், தீர்மானத்தைச் சூழ்நிலையின் தலையில் ஏற்றவில்லை.

அதனால்தான் இருவரும் தத்தம் திருச்சபைக்கே சங்கடமாயினர். 1946இல் லின்ஸ் ஆயர் யேகர்ஷ்டேட்டரின் கதையை முன்மாதிரியாக வெளியிட விரும்பவில்லை. போன்ஹோஃபர் அரசியலுக்காக இறந்தவர், விசுவாசத்துக்காக இறந்த இரத்தசாட்சி அல்லர் என்று கருதிய சபைத் தலைவர்களும் இருந்தார்கள். காலம் தாழ்ந்தே கண்கள் திறந்தன: விவசாயியின் தண்டனைத் தீர்ப்பு 1997இல் நீக்கப்பட்டது, 2007இல் அவர் அருளாளர் ஆனார். போதகரின் சிலை 1998 முதல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலய முகப்பில் நிற்கிறது.

கடவுளுக்கும் மனிதருக்கும் முன்பாகக் குற்றமற்ற மனச்சாட்சியைக் காக்க முயல்வதாக பவுல் ஆளுநர் முன் சொல்கிறார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தன்னிடம் குறை ஏதும் தனக்குத் தெரியவில்லை, ஆனாலும் அதனால் தான் நீதிமானாகிவிடவில்லை, தீர்ப்பளிப்பவர் ஆண்டவரே என்கிறார். யேகர்ஷ்டேட்டர் முதல் கூற்றை வாழ்ந்தார், போன்ஹோஃபர் இரண்டாவதை. ஒரே அப்போஸ்தலனின் வாயிலிருந்து வந்த இரண்டையும் பிரிக்கக்கூடாது. முதலாவது மட்டும் இருந்தால் தற்பெருமை வரும்; இரண்டாவது மட்டும் இருந்தால் சாக்குப்போக்கு வரும். விசுவாசம் சோதிக்கப்படும் நாளில் ஒரு கிறிஸ்தவர் மறுக்க வேண்டியிருக்கலாம், அல்லது பழியேற்றுச் செயல்பட வேண்டியிருக்கலாம். எதுவானாலும், 'இதை முடிவு செய்தது நான்' என்று கடவுள் முன் சொல்லத் துணிகிறவரிடமே தெளிந்த மனச்சாட்சி இருக்கிறது.