112 அடி நீள மனுவும் 100 மதிப்பெண் தமிழ்த் தாளும்

செல்லூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. தறிச் சத்தம் கொஞ்சம் குறைகிற நேரத்தில் ஒரு வீட்டு மாடியில் பாய் விரித்தால் அதுதான் வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறவர்கள். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், தறி ஓட்டும் இருவர், ஒன்பதாவதோடு நின்று லோடு ஏற்றப் போன தம்பிகள். கணக்குக்குத்தான் பயப்படுவார்கள் என்று நினைத்திருந்தோம். ஆனால் அவர்கள் அதிகம் மிரண்டது தமிழ்த் தாளைக் கண்டுதான். "நம்ம பேசுறது தமிழ் இல்லைன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்களே" என்றார் தறி ஓட்டும் அண்ணன்.

தேர்வுக்கும் நமக்குமான உறவு இன்று நேற்று தொடங்கியதல்ல. அந்த மாடியில் சொல்லத் தொடங்கிய கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அன்று ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரஸின் கோரிக்கை. 1893 ஜூனில் பிரிட்டிஷ் பொதுச்சபை அதை ஆதரித்துத் தீர்மானமும் போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையினரும் அதை எதிர்த்தார்கள். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது.

இதைப் படிக்கிற மாணவர் பலர் முதலில் முகம் சுளிப்பார்கள். 'வெள்ளைக்காரனுக்கு ஆதரவா?' என்று கேட்பார்கள். நாங்களும் கல்லூரியில் அப்படித்தான் கேட்டோம். ஆனால் மனுவின் கேள்வியைப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலே திறக்காத ஊரில் தேர்வு வைத்தால் யார் எழுதுவார்கள், யார் அதிகாரியாகி நம் தலைமேல் உட்காருவார்கள்? தகுதி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சாதியை, சமூகவியல் பாடப்புத்தகங்கள் நமக்குச் சொல்லித்தருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். இரு நாடுகளிலும் ஒருசேரத் தேர்வு என்பது 1922இல்தான் நடைமுறைக்கு வந்தது.

சீனிவாசன் இதைப் பட்டுத் தெரிந்தவர். கோயம்புத்தூரில் படித்தபோது தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மற்ற மாணவர்களோடு சேராமல், மணி அடித்த பிறகு உள்ளே போய், விட்டதும் வேகமாக வீடு திரும்பியதைத் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். பெயரை மறைத்துப் படித்த பையன், வளர்ந்து பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார்.

அதே 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென ஓர் அரசாணை போட்டது. அடுத்த ஆண்டு ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கினார். ஆனால் ஆணை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். பள்ளி அக்ரகாரத்திலும் கோவில் ஒட்டிய சாவடியிலும் இருந்தால் நம் பிள்ளை எப்படிப் போகும்? அந்தப் பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லி 1919இலும் ஆணை போட வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிட்டது. பள்ளிக்குள் நுழையவே வழியில்லாதவர்களின் முன்னால் அந்த நான்கெழுத்து வேலைக்கான நுழைவுச்சீட்டாக நின்றது. இன்றும் குரூப் 4 எழுத பத்தாவதுதான் குறைந்தபட்சத் தகுதி. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு அந்தத் தேர்விலும் தமிழில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற பகுதியைத் திருத்துவார்கள்.

தனித்தேர்வர் என்ற சொல்லையே கொஞ்சம் யோசியுங்கள். 2020 கொரோனாவில் பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். தனித்தேர்வர்கள் மட்டும் செப்டம்பரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு போய் எழுதினார்கள். பள்ளிக்கு வெளியே இருப்பவரை நோய்கூட விதிவிலக்காக்கவில்லை.

சரி, தாளுக்கு வருவோம். முன்பு தமிழுக்கு இரண்டு தாள், இப்போது ஒன்றுதான். 100 மதிப்பெண், 35 எடுத்தால் தேர்ச்சி. எட்டு மதிப்பெண் நெடுவினாவில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்கிறோம். மனப்பாடப் பாடல், திருக்குறள், ஒரு மதிப்பெண் வினாக்கள், படிவம் நிரப்புதல், கடிதம் ஆகிய ஐந்தையும் பிடித்தால் கரையை நெருங்கிவிடலாம். ஒரு பாடத்தில் தவறினாலும் மற்றவை வீணாகாது, தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். முதல்முறை எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஆண்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். எட்டாவதே முடிக்காதவர்களுக்குத் தனியாக எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு உண்டு.

படிவமும் கடிதமும் தறி ஓட்டுகிறவருக்கும் துப்புரவு அக்காவுக்கும் உடனே பிடிபட்டன. ரேஷன் கார்டு, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். பாடநூலில் தரமற்ற உணவு பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் கடிதம் இருக்கிறது. அதை ஒரு மாதம் எழுதினோம். பிறகு அவரவர் தெருவைப் பற்றி எழுதச் சொன்னோம். அக்கா எழுதியது கையுறை கேட்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு எல்லாம் சரியாக இருந்தது. கீழே முழுப்பெயரும் தெருவும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.

அங்கேதான் ஒரு சிக்கல். விடைத்தாளில் தன் பெயரையோ முகவரியையோ எழுதக் கூடாது, வினாவில் கொடுத்த பெயரையோ அ.அ.அ. என்றோதான் போட வேண்டும். சொன்னதும் அக்கா பேனாவை வைத்துவிட்டார்.

"எங்கம்மா அறிவொளி இயக்கத்துல பேரெழுதத்தான் தம்பி படிச்சுச்சு. நான் பத்தாவது பாசாகணும்னா பேரை எழுதக் கூடாதாக்கும்?"

விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியது யார் என்று தெரியாமல் இருப்பது நல்லதுதான் அக்கா என்று விளக்கினோம். சாதி தெரியாது, தெரு தெரியாது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அதே கடிதத்தை நோட்டில் இரண்டு தடவை எழுதினார். ஒன்றில் அ.அ.அ. போட்டார். இன்னொன்றில் பெயர் போட்டுக் கிழித்து, நான்காக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் தபால் தலை எவ்வளவு என்று எங்களிடம் கேட்டார்.