பூச்சாண்டி காட்டியது யார்?

"சாப்பிடு, இல்லேன்னா பூச்சாண்டி புடிச்சிட்டுப் போயிடுவான்." விளக்கு வெளிச்சம் எட்டாத கொல்லைப்புறத்தை நோக்கி அம்மாவின் விரல் நீளும். குழந்தையின் வாய் திறக்கும். ஒரு கவளம் உள்ளே போகும். அந்த இருட்டில் நிற்பவன் யார்?

திருநீறு பூசிய ஆண்டி என்பது பலரும் சொல்லும் விளக்கம். புணர்ச்சி இலக்கணமும் அதற்குத் துணை நிற்கிறது: பூச்சு + ஆண்டி, உகரம் கெட்டுப் பூச்சாண்டி. சாம்பலும் சடையுமாக அந்தி நேரத்தில் வாசலுக்கு வந்த பரதேசியைக் கண்டு பிள்ளைகள் மிரண்டிருக்கவும் கூடும். ஆனால் நாம் பூச்சாண்டி 'காட்டுகிறோம்'. தானே வந்து நிற்கும் ஆண்டியை எதற்குக் காட்ட வேண்டும்?

பெரியாழ்வாரிடம் போனால் துப்புக் கிடைக்கிறது. அவருடைய திருமொழியில் இரண்டாம் பத்தின் தொடக்கமே கண்ணன் 'அப்பூச்சி காட்டும்' விளையாட்டுதான். மேல் இமையை மயிரோடு பிடித்திழுத்து, வெளிப்புறம் மடித்து, உள்சிவப்புத் தெரிய விழிப்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற அதே சேட்டை. 'பூச்சி காட்டுதல்' என்ற வழக்கும் உண்டு. அந்தப் பூச்சியோடு பின்னாளில் ஆண்டி வந்து ஒட்டிக்கொண்டான் என்றே எனக்குப் படுகிறது. பெயர் நீண்டது, 'காட்டு' என்ற வினை மட்டும் அப்படியே நின்றது.

மாறிப்போனது பயத்தின் திசை. ஆழ்வார் பாட்டில் காட்டுவது பிள்ளை; மிரள்வது பெரியவர்கள். பாண்டவர்க்காகத் தூது போய்ப் பாரதப் போரை நடத்தியவனே இமையைப் புரட்டிக்கொண்டு வருகிறான். நம் வீட்டிலோ பெரியவர்கள் காட்டுகிறோம், பிள்ளை நடுங்குகிறது.

சொல்லுக்கே இது உறுத்தியதோ என்னவோ, "சும்மா பூச்சாண்டி காட்டாதே" என்றால் இன்று வெற்று மிரட்டல் என்று பொருள். அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். ஈழத்தில் 'பேய்க்காட்டுதல்' என்றால் ஏமாற்றுதல். காட்டப்படும் பேய் பொய்ப்பேய் என்று இரண்டு வழக்குகளும் ஒப்புக்கொள்கின்றன.

மூன்று வயதில் இருட்டுக்கு அழுத பிள்ளை, ஐந்து வயதில் போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு கதவிடுக்கிலிருந்து பாயும். பாட்டி "ஐயையோ!" என்று நெஞ்சில் கை வைப்பாள். அன்றைக்குச் சொல் ஆழ்வாரிடமே திரும்பிவிடுகிறது.