ஊடாட்டப் புனைவில் பல பார்வை மாந்தர்
படிப்பவரே கட்டளைகளைத் தட்டச்சு செய்து நகர்த்தும் கதையில், அவர் ஒன்றுக்கு மேற்பட்ட மாந்தர் வழியாக இயங்கும்படி அமைக்கும் எழுத்துமுறை. மைக்கேல் பெர்லின் எழுதி இன்ஃபோகாம் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘சஸ்பென்டெட்’ இதன் முன்னோடிகளில் மிகத் துணிச்சலானது. அதில் ஆட்டக்காரர் உறைநிலைத் துயிலில் கிடக்கிறார். ஒரு கோளின் வானிலை, போக்குவரத்து, உணவு உற்பத்தி ஆகியவற்றை ஆளும் அமைப்புகள் சீர்குலைய, ஆறு ரோபோக்களை ஏவியே அவற்றைச் சரிசெய்ய வேண்டும். ஆடாவுக்குச் செவி, வால்டோவுக்குக் கைத்திறன், சென்சாவுக்கு அதிர்வுணர்வு. விஸ் தரவகத்தைத் துழாவும். போயட் மின்னோட்டத்தை உணர்ந்து புதிர்மொழியில் பேசும். கண்ணுள்ள ஐரிஸோ தொடக்கத்திலேயே பழுதுபட்டிருக்கும். ஒரே அறை ரோபோவுக்கு ரோபோ வேறாக விவரிக்கப்படுவதால், இடத்தை அறிவதே புதிராகிறது.

மார்க் பிளாங்கின் ‘பார்டர் சோன்’ (1987) ஒரு கொலைச்சதியை மூன்று மாந்தர் வழியே மூன்று பகுதிகளாகச் சொல்கிறது. ஆடம் கேட்ரேயின் ‘ஃபோட்டோபியா’ (1998) புதிர்களைக் குறைத்து, ஆலி என்ற சிறுமியைச் சுற்றியுள்ளோரின் பார்வைகளைக் கோக்கிறது. உணர்ச்சி வலிமையில் அதற்கு ஈடானவை சிலவே.

ஒரு மாந்தராக இருந்து அறிந்ததை ஆட்டக்காரர் அடுத்த மாந்தருக்கு மாறும்போது மறப்பதில்லை. அந்த அடுத்த மாந்தர் அறியாததை ஆட்டக்காரர் அறிந்திருக்கும் இந்த இடைவெளியை ஆளுவதே எழுத்தாளரின் கடினமான வேலை.