ரசனையும் திருத்தமும்

இம்மலருக்கு வந்த கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பு, பொறியாளனான என்னிடம் வந்து சேர்ந்தது. களம்பூரிலிருந்து நெசவாளர் குடும்பத்து அண்ணன் ஒருவர், "பாவு இழை அறுந்துபோச்சு" என்று எழுதியிருந்தார். "அறுபட்டது" என்று மாற்றினேன். "இது நான் பேசுற பேச்சு இல்லையே தம்பி!" என்றார்.

உடனே ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வந்தார். வழக்கறிஞர், 1930களில் அறநிலைய ஆணையராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் குற்றாலத்தில் குடியேறி, 1954-இல் மறையும்வரை கம்பனிலேயே தோய்ந்திருந்தார். பண்டித நடை அவருக்கு ஆகாது. கடிதமோ கட்டுரையோ, நேரில் பேசுகிற மாதிரியே எழுதுவார். அந்தத் தமிழே பலரைக் கம்பனிடம் இழுத்தது.

ஆனால் கம்பனைப் பதிப்பிக்கும்போதும் அதே ரசனையைத்தான் அளவுகோலாக வைத்தார். மனசுக்கு ஒட்டாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சொற்களையும் மாற்றினார். கண்டனமும் எழுந்தது. உ.வே.சா. வழி வேறு: சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவார். வாசகரே சீர்தூக்கிப் பார்க்கலாம்.

எழுதுவதற்கு டி.கே.சி., திருத்துவதற்கு உ.வே.சா. என்று முடிவு செய்தேன். அண்ணனின் பாவு இழை இந்த மலரில் "அறுந்துபோச்சு" என்றேதான் இருக்கும்!