உழவு இயந்திரத் தானியங்கு வழிகாட்டல்

உழவு இயந்திரத் தானியங்கு வழிகாட்டல் என்பது ஜி.பி.எஸ். முதலிய செயற்கைக்கோள் முறைமைகளின் குறிப்பலைகளைக் கொண்டு டிராக்டரின் இருப்பிடத்தை அறிந்து, வயலில் முன்னரே வகுத்த தடத்தில் அதனைச் செலுத்தும் நுட்பமாகும். எளிய வகையில், திரையில் தோன்றும் விலகலைப் பார்த்து ஓட்டுநரே திருப்புகிறார். தானியங்கு வகையில் மின்னோடியோ நீரழுத்த வால்வோ சக்கரங்களைத் திருப்புகிறது. ஆயினும் தடைகளைக் கவனிக்க ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும்.

வரலாறு

1990களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜான் டீர் டிராக்டர் ஒன்றை இம்முறையில் ஓட்டிக் காட்டினர். பொதுமக்களுக்கான குறிப்பலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டு வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கியது. அதன்பின் இக்கருவிகள் பரவலாயின.

துல்லியமும் தேர்வும்

விளம்பரங்களில் காணப்படும் துல்லிய அளவு பெரும்பாலும் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையிலான பிழையையே குறிக்கும். இது சுமார் 15 நிமிட இடைவெளியில் அளக்கப்படுவது. சில வாரங்கள் கழித்து அதே தடத்துக்குத் திரும்பும் திறன் இதனின்றும் வேறானது. வாங்குவோர் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

24 மீட்டர் அகலத் தெளிப்பானுக்கு 25 செ.மீ. பிழை ஏறத்தாழ ஒரு விழுக்காடே. அதற்குக் கட்டணமற்ற செயற்கைக்கோள் திருத்தம் போதும். விதைத்த வரிசைகளுக்கிடையே பின்னர் களையெடுக்கவோ, ஆஸ்திரேலியப் பண்ணைகள் பலவற்றில் உள்ளதுபோல் ஆண்டுதோறும் ஒரே சக்கரத் தடத்தில் ஓட்டவோ, 2 முதல் 3 செ.மீ. துல்லியம் தரும் ஆர்.டி.கே. முறை தேவை. இதில் இடமறிந்த தரைநிலையம் ஒன்று திருத்தத் தரவை வானொலி வழியாகவோ இணையம் வழியாகவோ அனுப்புகிறது. தரைநிலையத்திலிருந்து விலகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1 மி.மீ. பிழை கூடும். தரைநிலையத்தை இடம்மாற்றி வைத்துப் பழைய ஆயத்தொலைவுகளையே பயன்படுத்தினால் எல்லாத் தடங்களும் அதே அளவு நகர்ந்துவிடும்.

சரிவான நிலத்தில் சாய்வுத் திருத்தியும் இன்றியமையாதது. அலைவாங்கி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், டிராக்டர் 5 பாகை சாயும்போது இருப்பிடம் சுமார் 26 செ.மீ. பிறழ்ந்து தெரியும். சாய்வுத் திருத்தியின்றி விலையுயர்ந்த ஆர்.டி.கே. வாங்குவதில் பொருளில்லை. பின்னால் இழுக்கப்படும் கருவி சரிவில் வழுக்குவதை இத்திருத்தி தடுக்காது.

தடங்கல்கள்

திருத்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்பதும் தேர்வில் முதன்மையானது. 2023 ஏப்ரலில் இன்மார்சாட் செயற்கைக்கோள் ஒன்று செயலிழந்தபோது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதன்வழித் திருத்தம் பெற்ற டிராக்டர்களின் வழிகாட்டல் தடைப்பட்டது. சொந்தத் தரைநிலையம் இவ்வகைத் தடங்கலைத் தவிர்க்கும். ஆனால் சூரியப் புயலின்போது அதுவும் உதவாது. 2024 மே 10-11 நாட்களின் கடும் புயலில், மக்காச்சோள விதைப்புக் காலத்தில் இருந்த அமெரிக்க நடுமேற்கில் ஆர்.டி.கே. முறைகள் பிறழ்ந்தன. உழவர் பலர் விதைப்பை நிறுத்தினர். அந்நேரத்தில் விதைக்கப்பட்ட வரிசைகள், கருவியில் பதிவான தடங்களோடு பின்னர் பொருந்தாமல் போகலாம் என எச்சரிக்கப்பட்டது.