குற்றாலம் அடங்கின பிறகு ஒரு சீசன்

தென்காசின்னா நமக்குக் குற்றாலச் சாரல்தான் ஞாபகம் வரும். அந்தக் கூட்டமெல்லாம் கலைஞ்ச பிறகு, ஜனவரியில இன்னொரு சீசன் இருக்கு. வடகிழக்குப் பருவமழையில குளங்கள் நிரம்பியிருக்கும். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து இந்தப் பக்கம் வந்திருக்கும்.

சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கினது 1967-இல். ஆசியாவுக்கு வந்தது 1987-இல். இங்கே 2011-இல் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை ஆரம்பிச்சது. 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. ஆனா குற்றாலத்துச் சிற்றாறு இன்னும் தாமிரபரணியிலதானே கலக்குது? அதனால நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூணு மாவட்டக் குளங்களுக்கும் தன்னார்வலர்கள் போறாங்க.

ஒரு குளத்துல பறவையே இல்லைன்னா? அதையும் எழுதணும். டேட்டாபேஸ்ல காலியா விடுறதும் ஜீரோ போடுறதும் ஒண்ணு இல்ல. காலியா இருந்தா, யாரும் போய்ப் பார்க்கலைன்னு அர்த்தம். ஜீரோன்னா, போய்ப் பார்த்தோம், பறவை இல்லைன்னு அர்த்தம். ஒரு குளம் சாகுதுன்னா, பத்து வருஷம் கழிச்சு அதுக்குச் சாட்சி அந்த ஜீரோதான்.

இந்தப் பொங்கல் லீவுல பைனாகுலரோட கிளம்புங்க. பறவை இல்லாத குளத்துக்கும் போங்க.