வானொலிக் காலத்துக் காவலர் கதைகள்: அமெரிக்காவும் கொங்கு நாடும்

குதிரையேறிய சட்டக் காவலர் ஒருவர் வாரந்தோறும் வந்து குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் ஒலி நாடகங்கள் 1930களில் அமெரிக்க வானொலியில் தோன்றி, 1960களின் தொடக்கம் வரை நீடித்தன. அதே முப்பது ஆண்டுகளில் கோயம்புத்தூரிலும் குதிரை, முகமூடி, மலைக்குகை, போலீஸ் எல்லாம் நிறைந்த கதைகள் உருவாயின. அவை சினிமா ஸ்டூடியோவில் பிறந்து, பிறகு ஒலிச்சித்திரமாக வானொலிக்கு வந்து சேர்ந்தவை. அமெரிக்கக் கதையின் நாயகன் சட்டத்தின் ஆள். கோவைக் கதையின் நாயகனோ சட்டத்தால் துரத்தப்படுபவன். இந்த வேறுபாட்டின் வேர் கொங்கு மண்ணின் அரசியல் வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்கத் தொடக்கம்

1933 ஜனவரி இறுதியில் டெட்ராய்ட் நகரத்தின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையம் 'தி லோன் ரேஞ்சர்' என்ற தொடரைத் தொடங்கியது. நிலையத்தை நடத்தியவர் ஜார்ஜ் ட்ரெண்டில். கதைகளை எழுதிக் குவித்தவர் பிரான் ஸ்ட்ரைக்கர். கொள்ளைக் கும்பல் பதுங்கித் தாக்கியதில் உயிர் தப்பிய ஒரே ஒரு டெக்சாஸ் ரேஞ்சர், முகமூடி அணிந்து, டோன்டோ என்ற பழங்குடித் தோழனோடும் சில்வர் என்ற வெள்ளைக் குதிரையோடும் அநியாயக்காரர்களைத் தேடிப் போவதுதான் கதை. ஒரு ரொட்டிக் கம்பெனி விளம்பரப் பணம் கொடுத்தது. குழந்தைகள் மாலை நேரத்தில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

பெரியவர்களுக்கான காவலர் கதை பிறக்க இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1950இல் என்பிசி தொடங்கிய 'டேல்ஸ் ஆஃப் தி டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்' உண்மையான வழக்குகளை அடிப்படையாகக் கொண்டது. ஜோயல் மெக்ரே அதில் ரேஞ்சராக நடித்தார். இந்த வகையின் உச்சம், 1952 ஏப்ரல் 26 அன்று சிபிஎஸ்ஸில் தொடங்கிய 'கன்ஸ்மோக்'. நார்மன் மெக்டானலும் ஜான் மெஸ்டனும் உருவாக்கிய இத்தொடரில், கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியின் மார்ஷல் மேட் டில்லனாக வில்லியம் கான்ராட் குரல் கொடுத்தார். டில்லன் எல்லாவற்றையும் வெல்லும் வீரனல்ல. பல கதைகளில் அவர் போய்ச் சேர்வதற்குள் சாவு நடந்து முடிந்திருக்கும். மிஞ்சியதைப் பார்த்துவிட்டுச் சோர்ந்து திரும்புவார்.

யாரும் பேசாத இடங்களில்தான் இத்தொடரின் உயிர் இருக்கிறது. மார்ஷல் தெருவைக் கடக்கிறார் என்றால் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. மண்ணில் பூட்ஸ் காலடி, பிறகு மரப்பலகை நடைபாதையில் ஏறும்போது அதே காலடி கனத்து ஒலிக்கும், குதிமுள் கிணுகிணுக்கும், தூரத்தில் ஒரு நாய் குரைக்கும், கதவுக் கீல் முனகும். அதன்பிறகுதான் முதல் வார்த்தை. ஒலி விளைவுக்கென்றே டாம் ஹான்லி, ரே கெம்பர் போன்றவர்கள் ஒலிவாங்கி முன்னால் நடிகர்களுக்குச் சமமாக நின்று வேலை செய்தார்கள். கேட்பவன் அந்தத் தெருவைத் தன் மனதில் தானே கட்டிக்கொண்டான். 1955இல் தொலைக்காட்சிக்குப் போன கன்ஸ்மோக், ஜேம்ஸ் ஆர்னஸ் நடிக்க இருபது ஆண்டுகள் ஓடியது. வானொலித் தொடர் 1961 ஜூன் 18 அன்று நின்றது. காது கேட்டுப் பழகிய டாட்ஜ் சிட்டி, திரையில் பார்த்த டாட்ஜ் சிட்டியைவிடப் பெரியது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

உடுக்கையும் வால்வு ரேடியோவும்

குதிரை வீரனின் கதையைக் காதால் கேட்கும் பழக்கம் கொங்கு நாட்டுக்கு வானொலி கொண்டுவந்ததன்று. பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களின் வாழ்வையும் சாவையும் பாடும் அண்ணன்மார் சாமி கதை, உடுக்கடித்து இரவிரவாகச் சொல்லப்பட்டு வந்தது. பாட்டும் வசனமும் மாறிமாறி வரும். ஒரே பாடகர் அண்ணனாகவும் தங்கையாகவும் எதிரியாகவும் குரல் மாற்றுவார். உடுக்கையின் வேகம் கூடும்போது குதிரை ஓடுவதைக் கூட்டம் தானே உணர்ந்துகொள்ளும். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். பல இரவுகளுக்கு நீளும் அந்தப் பதிவை உலகின் நீண்ட ஒலி நாடகங்களோடு தயங்காமல் சேர்க்கலாம்.

வானொலி இங்கே மெல்லத்தான் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. கோவைக்கென்று ஒரு நிலையம் 1966இல்தான் அமைந்தது. அதுவரை கொங்குப் பகுதி பெரும்பாலும் திருச்சியையும், விரும்பிய நேரங்களில் இலங்கை வானொலியையும் திருப்பிக் கேட்டது. பெட்டியின் விலை ஒரு பெரிய தடை. அதை உடைக்க முயன்றவர் கோவையின் ஜி.டி.நாயுடு. ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று 1941இல் அவர் அறிவித்தார். வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. மாலையில் அதன் முன்னால் கூடியவர்கள் சந்தை நிலவரமும் வேளாண் செய்தியும் கேட்டார்கள்.

அகில இந்திய வானொலி நாடகங்களை நிறையவே ஒலிபரப்பியது. குடும்பம், புராணம், சரித்திரம் என்று அவற்றின் வட்டம் அமைந்திருந்தது. வாரந்தோறும் துப்பாக்கியோடு வரும் காவலர் தொடர்கள் அமெரிக்காவில் தழைத்ததற்கு ரொட்டி, காலை உணவு, சிகரெட் கம்பெனிகளின் விளம்பரப் பணம் பெரிய ஆதாரம். இந்தியாவில் வானொலி அரசுத் துறையாக இருந்தது. விளம்பர ஒலிபரப்பே 1967இல்தான் தொடங்கியது. அதனால் சாகசக் கதைக்கு முதல் போடும் வேலையை இங்கே சினிமா எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதற்கு மிகத் தோதான ஊர்களில் ஒன்று கோயம்புத்தூர்.

போலீஸ் ஏன் நாயகனாகவில்லை

1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்தது கோவை மத்தியச் சிறை. 1932 ஜனவரியில் கொடியேந்திச் சென்ற திருப்பூர் குமரன், போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து உயிர்விட்டார். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து சுற்றுவட்டார ஊர்கள் கடும் அடக்குமுறையைப் பார்த்தன. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வர் அதே கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இவற்றையெல்லாம் கண்ணால் கண்ட ஒரு தலைமுறைக்குத் தொப்பியும் லத்தியும் வைத்தவரை நாயகனாகக் காட்டினால் மனம் ஏற்றிருக்காது. சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த இரண்டு படங்களில் இந்த மனநிலை அப்படியே பதிந்திருக்கிறது.

முதலாவது 'ஏழை படும் பாடு' (1950). விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்க, அதை எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு தயாரிக்க, கே.ராம்நாத் இயக்கினார். பசிக்காகத் திருடியவனாக நாகையாவும், அவனை வாழ்நாள் முழுக்க விரட்டும் போலீஸ் அதிகாரி ஜாவராக என்.சீதாராமனும் நடித்தார்கள். ஜாவர் லஞ்சம் வாங்குபவனல்ல, கொடுமையில் இன்பம் காண்பவனுமல்ல. சட்டம் ஒன்றையே தெய்வமாகக் கொண்டவன். தவறு செய்தவனும் மாறலாம் என்ற உண்மையை ஏற்க முடியாமல் உடைந்துபோகிறவன். அமெரிக்க மார்ஷலிடம் போற்றப்பட்ட அதே கடமை உணர்ச்சி, இரக்கம் இல்லாதபோது என்னவாகும் என்பதை இப்பாத்திரம் காட்டியது. அந்த நடிப்பின் வலுவால் சீதாராமன் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். 1954இல் அவரே 'அந்த நாள்' படத்தில் வசனம் எழுதி, ஒரு வானொலிப் பொறியாளனின் கொலையைத் துப்புத் துலக்கும் அதிகாரியாகவும் வந்தார். தமிழ்த் திரையில் அறிவும் நிதானமும் உள்ள துப்பறியும் அதிகாரிக்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

இரண்டாவது படம்தான் இந்த வரலாற்றின் மையம். 1954 ஜூலை 22 அன்று வெளியான 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. கவிஞர் மோகனூரில் 1888இல் பிறந்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். அவருடைய தந்தையார் போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். போலீஸ்காரர் வீட்டில் வளர்ந்து, பிற்பாடு அதே போலீஸால் சிறைக்கு அனுப்பப்பட்ட ஒருவர், கொள்ளைக்காரன் என்று ஊர் நம்பும் நல்லவனைக் கற்பனை செய்தார். மு.கருணாநிதி வசனம் எழுத, ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கினார். எம்.ஜி.ஆர் மலைக்கள்ளனாகவும், ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற வணிகராகவும் உலவுவார். பானுமதி பூங்கோதையாக வருவார். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுப்பவன் மலையில் இருக்கிறான். உண்மையான குற்றவாளிகள் பெரிய மனிதர் வேடத்தில் ஊருக்குள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுகொள்ள முடியாமல் தடுமாறும் இலாகாவுக்குக் கடைசியில் வழிகாட்டுபவனே அந்தக் 'கள்ளன்'தான்.

லோன் ரேஞ்சரோடு வைத்துப் பார்த்தால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும். இருவரும் வேறு முகத்தோடு வாழ்கிறார்கள். இருவருக்கும் குதிரையும் மலையும் உண்டு. ஆனால் ரேஞ்சரின் முகமூடிக்குப் பின்னால் அரசின் நட்சத்திரச் சின்னம் இருந்த நினைவு இருக்கிறது. மலைக்கள்ளனுக்கு அப்படி எதுவும் இல்லை. மக்களின் நம்பிக்கை ஒன்றே அவன் கையிலிருந்த அதிகாரப் பத்திரம். வெள்ளை அரசாங்கத்தின் போலீஸை எதிர்த்து நின்ற ஒரு நாட்டில், நியாயம் காடேறித்தான் வாழ வேண்டியிருந்தது என்று படம் பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

'மலைக்கள்ளன்' 1954ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் இதுவே. ஸ்ரீராமுலு நாயுடு இதே கதையைத் தெலுங்கில் 'அக்கிராமுடு', இந்தியில் 'ஆசாத்', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள' என்று எடுத்தார், சிங்களத்திலும் வந்தது. 1955இல் வெளியான 'ஆசாத்'துக்காகத் திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்து நடித்தார்கள். திலீப்குமார் அதற்குப் பிலிம்பேர் விருது பெற்றார். மோகனூர்க்காரர் எழுதிய ஒரு கள்வன், கோவையில் உடை மாற்றிக்கொண்டு ஆறு மொழிகள் பேசினான்.

ஒலிச்சித்திரம்

படம் கொட்டகையை விட்டுப் போன பிறகும் கதை வாழ்ந்தது வானொலியில். முழுநீளப் படத்தின் ஒலித்தடத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிபரப்புவதே ஒலிச்சித்திரம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மில்லுச் சங்கு ஊதாத அந்த ஒரு நாளில், வீட்டுத் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் அதைக் கேட்டார்கள். திரையில் கண் பார்த்துக்கொண்ட எல்லாவற்றையும் இங்கே காது பார்க்க வேண்டும். வாள் உரசும் ஓசை கேட்கிறது, யார் விழுந்தார் என்று தெரியவில்லை. அடுத்த வசனம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். படம் பார்த்த பெரியம்மா பக்கத்தில் இருந்தால், "இப்பத்தான் கயித்தப் புடிச்சுட்டு அந்தப் பக்கம் தாவறானுங்க" என்று நடுநடுவே சொல்லிக்கொடுப்பார். கன்ஸ்மோக்கில் ஒலி விளைவுக்காரர்கள் செய்த வேலையை இங்கே குடும்பத்தில் ஒருவர் செய்தார்.

மாரியம்மன் நோம்பியிலும் கல்யாண வீட்டிலும் மைக் செட்டுக்காரர்கள் கதைவசன இசைத்தட்டுகளைப் போட்டார்கள். வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வசனம் ஊர் முழுக்கப் பரவியது. வசனத்தை வரிவரியாக மனப்பாடம் செய்த தலைமுறை இப்படித்தான் உருவானது. 1966க்குப் பிறகு கோவை நிலையத்தின் அலை பக்கத்திலேயே கிடைத்ததும், டிரான்சிஸ்டர் மலிந்ததும், தோட்டத்து மோட்டார் அறை வரைக்கும் குரல்களைக் கொண்டுசேர்த்தன.

இதற்குள் நாயகனும் மாறத் தொடங்கியிருந்தான். 1967 செப்டம்பரில் வந்த 'காவல்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர் மறைவாகச் செயல்படும் போலீஸ் அதிகாரி. அவ்வாண்டு ஜனவரியில் தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் மாறிப்போயிருந்தும், அவர் தன் சொந்தக் குரலிலேயே பேசினார். மலைக்கள்ளனின் கணீர்க் குரலையும் காவல்காரனின் கரகரத்த குரலையும் வானொலியில் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு, பதின்மூன்று ஆண்டுகளில் நடந்த மாற்றம் முழுவதும் காதுக்கே தெரிந்தது. 1974இல் 'தங்கப்பதக்கம்', குற்றவாளியாகிவிட்ட மகனையே சுடும் எஸ்.பி. சௌத்ரியாகச் சிவாஜி கணேசன். கடமைக்காகப் பாசத்தை விடும் காவலரைக் கேட்டு மக்கள் கண் கலங்கினார்கள். போலீஸ் இப்போது நம்முடைய அரசாங்கத்தின் போலீஸ். ஜாவரின் அதே கண்டிப்பு, கால் நூற்றாண்டில் போற்றுதலுக்குரிய குணமாகிவிட்டது. இருந்தாலும் பழைய பற்று அடியோடு போய்விடவில்லை: 1983இல் 'மலையூர் மம்பட்டியான்' வந்தபோது, சேலம், மேட்டூர் மலைப்பக்கத்து மக்கள் மறுபடியும் காட்டில் வாழ்பவனின் பக்கமே நின்றார்கள்.

டெக்சாஸ் ரேஞ்சர் ஒருவர் தமிழ் பேசியது அச்சில்தான். 1948இல் இத்தாலியில் பொனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கிய டெக்ஸ் வில்லர் என்ற ரேஞ்சரை, 1984இல் தொடங்கப்பட்ட சிவகாசியின் லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஈரோட்டில் ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் புத்தகத் திருவிழாவையொட்டி அதன் வாசகர்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடுகிறார்கள். ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.